பால்கறைச் சட்டை என்ன விலை?

கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே பஸ் ஏறியவர்களில் பாதிப் பேருக்கு யோங் பெங் என்றதும் ஞாபகம் வருவது, அங்கே அவசரமாக இறங்கியதுதான். பத்து பகாட் மாவட்டத்து இந்தச் சின்னப் பட்டணத்தில் எக்ஸ்பிரஸ் பஸ்கள் நிற்கும். பயணிகள் ஒதுங்குவார்கள், மீ கோரெங் சாப்பிடுவார்கள், ஃபூச்சாவ் சீனர்களின் கொம்பியா ரொட்டியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு மறுபடி ஏறிவிடுவார்கள். நாகரிகம் எதுவும் இங்கே பிறந்ததில்லை. வடக்கிலிருந்தோ தெற்கிலிருந்தோ வந்து, கால் மணி நேரம் நின்று, போய்விட்டது. சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து சாமான் வாங்க வந்த நம் ஆட்கள் அந்தக் கால் மணி நேரத்தில் பார்க்க வேண்டியதைப் பார்த்துக்கொண்டார்கள். மலாயாத் தமிழனின் உடுப்புச் சரித்திரத்தைச் சொல்ல இந்த பஸ் நிறுத்தத்துப் பெஞ்சைவிடத் தோதான இடம் கிடையாது. உட்காருங்கள்.

முதலில் வருபவர் ரப்பர்த் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை. தலையில் சோலா தொப்பி. வெப்ப நாட்டு வெயில் மண்டையோட்டைத் துளைத்துக்கொண்டு போய் மூளையைக் கலக்கிவிடும் என்று அன்றைய வெள்ளைக்கார வைத்தியர்கள் மனசார நம்பினார்கள். முதுகெலும்புக்குத் தனியாகத் திண்டு கட்டிக்கொண்டவர்களும் உண்டு. சரி, அந்தத் தொப்பி எதனால் ஆனது? நெட்டியால். குளத்திலும் சேற்றிலும் தானாக முளைக்கிற செடி. தஞ்சாவூரில் கோயில் பொம்மையும் மாலையும் செய்கிறார்களே, அதே வெள்ளைத் தண்டு. சூரியன் மறையாத சாம்ராஜ்யம் சூரியனுக்குப் பயந்து குளத்துச் செடியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு திரிந்தது. அதே வெயிலில் நின்ற தோட்டத் தொழிலாளியின் மூளைக்கு ஒரு துண்டு போதும் என்று அதே வைத்தியம் தீர்மானித்திருந்தது.

துரைக்குப் பின்னால் பத்தடி தள்ளிக் கங்காணி. வேட்டிக்கு மேல் கோட்டு, முண்டாசு, கையில் குடை. இந்தக் கோட்டு தோட்டத்துக்காகத் தைத்தது அல்ல, ஊருக்காகத் தைத்தது. ஆள் பிடிக்கத் தமிழ்நாட்டுக் கிராமத்துக்குப் போகும்போது புழுதித் தெருவில் அதை மாட்டிக்கொண்டு ஒரு நடை நடந்தால் போதும். வாய் திறந்து மலாயாவின் பெருமையைச் சொல்ல வேண்டியதே இல்லை, கோட்டே சொல்லும். சேர்த்துவிடும் ஒவ்வொரு தலைக்கும் கமிஷன் உண்டு. இன்று ஒப்பனைச் சாமானைத் தூக்கிக் காட்டி, ‘என் கோடைப் போட்டு வாங்குங்கள்’ என்று கைப்பேசியில் கண்ணடிக்கிறார்களே, அந்தத் தொழிலைக் கண்டுபிடித்தவர் நம் கங்காணிதான். 1938இல் மலாயாவுக்குத் தொழிலாளர்களை அனுப்புவதற்கு இந்திய அரசாங்கம் தடை போட்டது. உலகின் முதல் இன்ஃபுளுவென்சரின் கணக்கு அத்தோடு முடக்கப்பட்டது.

ஜனவரி 1942. மூவார் பக்கமிருந்தும் சிகாமாட் பக்கமிருந்தும் பின்வாங்கிய பிரிட்டிஷ் படைகளுக்கு யோங் பெங் சந்திதான் வழி. அரைக்கால் காக்கி சிலுவாரும் முழங்கால் வரை சாக்ஸும் போட்ட படை தெற்கே வேகமாக நடந்தது. பின்னாலேயே ஜப்பானியன் சைக்கிளில் வந்தான். டயர் வெடித்தாலும் இறங்காமல் வெறும் ரிம்மிலேயே மிதித்தானாம். அந்தச் சத்தத்தை டாங்கி என்று நினைத்து எதிராளிகள் ஓடியதாகவும் ஒரு கதை உண்டு. பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் விழுந்தது. சோலா தொப்பியின் மவுசும் கூடவே விழுந்தது. அடுத்த மூன்றரை வருஷம் துணிப் பஞ்சம். கோணிச் சாக்கைக் கிழித்து இடுப்பில் சுற்றிக்கொண்டார்கள். இன்று அதையே ‘இயற்கைச் சணல் ஆடை’ என்று குளிர்சாதனக் கடையில் மாட்டி வைத்திருக்கிறார்கள். ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்களுக்கு அந்தச் சாக்கும் மிஞ்சவில்லை. இந்த ஒரு வரியில் மட்டும் கிண்டலுக்கு விடுமுறை.

1948இல் கம்யூனிஸ்டுகளை அடக்க அவசரகாலம் வந்தது. ஜொகூரில் அரசாங்கத்துக்குத் தலைவலி கொடுத்த வட்டாரங்களில் யோங் பெங்கும் ஒன்று. முள்வேலி, ஊரடங்கு, அடையாள அட்டை. பன்னிரண்டு வயதைத் தாண்டிய எல்லாரும் அட்டைக்குப் படம் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தப் படத்தில் எல்லாரும் கைதி மாதிரியே விழுந்தார்கள். அந்த அவமானத்தைத் துடைக்கவோ என்னவோ, கையில் நாலு காசு சேர்ந்ததும் பட்டணத்து ஸ்டூடியோவுக்குப் போனார்கள். அங்கே ஆணியில் ஒரு கோட்டு தொங்கும். ஒல்லிக்கும் குண்டுக்கும் அந்த ஒரே கோட்டுதான். ஒல்லியானவருக்கு முதுகுப் பக்கம் கொத்தாகப் பிடித்துத் துணி கிளிப் போட்டு இறுக்குவார்கள். குண்டானவருக்குப் பொத்தான் போடாமல் கையை மடித்து மறைத்துக்கொள்ளச் சொல்வார்கள். டையும் இரவல், மேசை மேல் இருக்கும் பிளாஸ்டிக் பூவும் இரவல். படம் இடுப்போடு நின்றுவிடும் என்பதால் கீழே கைலி. அந்தப் படம் கப்பலேறி ஊருக்குப் போய்க் கல்யாணத்தையே முடித்துவைக்கும். மாப்பிள்ளை ஊருக்கு வரும்போது ஏன் கோட்டோடு வரவில்லை என்று கேட்கும் துணிச்சல் பெண் வீட்டாருக்கு வந்ததில்லை.

இப்போது 1970கள். ஒதுங்குங்கள், பெல்பாட்டம் வருகிறது. அதற்கு அகலமான வழி வேண்டும். 1973இல் எம்.ஜி.ஆர். ‘உலகம் சுற்றும் வாலிப’னாகக் கண்ணைப் பறிக்கும் சட்டைகளில் நாடு நாடாகச் சுற்றினார். 1979இல் ‘நினைத்தாலே இனிக்கும்’ படத்துக்காகக் கமலும் ரஜினியும் சிங்கப்பூருக்கே வந்து ஆடினார்கள். யோங் பெங்கிலிருந்து சில மணி நேர பஸ் பயணத்தில் கமல்! தையல்காரர்களுக்குச் சாப்பிட நேரமில்லை. அடி அகலம் எத்தனை அங்குலம் என்பதில்தான் ஓர் ஆண்மகனின் மதிப்பு இருந்தது. தரையில் இழுபட்டுத் தேயாமலிருக்க அடிவிளிம்பைச் சுற்றி ஜிப் வைத்துத் தைத்தார்கள். எதையும் திறக்காத, எதையும் மூடாத ஜிப்.

தோட்டத்துச் செம்மண் பாதையில் மழை பெய்துவிட்டால் ஒவ்வொரு காலும் அரைக் கிலோ ஜொகூரை வீட்டுக்குக் கொண்டுவரும். சைக்கிள் மிதித்தால் சங்கிலி கவ்வும். அதற்கு மருந்து, கணுக்காலில் ஒரு ரப்பர் வளையம். காலையில் தானே வெட்டிய பால், பட்டணம் போய், ஆலை போய், வளையமாகித் திரும்பி வந்து மாலையில் தன் சிலுவாரையே காப்பாற்றியது. தேசியப் பொருளாதாரம் முழு வட்டம் அடித்த இடம் அந்தக் கணுக்கால்தான்.

சிலுவார் தரையைக் கூட்டியது பொறுத்துக்கொள்ளப்பட்டது. முடி தோளைத் தொட்டதைத்தான் அரசாங்கங்களால் தாங்க முடியவில்லை. ஆகஸ்ட் 1970இல் ஆர்ச்சர்ட் ரோட்டில் நீள முடியோடு திரிந்த மூன்று இளைஞர்களைச் சிங்கப்பூர் போலீஸ் பிடித்து, விசாரித்து, தலையை ஒட்ட வெட்டி அனுப்பியது. பிறகுதான் தெரிந்தது, மூவரும் மலேசியர்கள். இந்தப் பக்கம் கொந்தளிப்பு. சிங்கப்பூர் மன்னிப்புக் கேட்டது. சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் இயூ மலேசியாவுக்கு வரவிருந்த பயணமே தள்ளிப்போனது. தண்ணீர் ஒப்பந்தத்துக்காக முறைத்துக்கொண்ட இரண்டு நாடுகள் மயிருக்காகவும் முறைத்துக்கொண்டன. 1972இல் லெட் செப்பலின் ராக் குழுவே முடியைக் காப்பாற்றிக்கொண்டு சிங்கப்பூர்க் கச்சேரியை விட்டுவிட்டது. நீள முடி ஆண்களைக் கடைசியில்தான் கவனிப்போம் என்று அங்கே அலுவலகங்களில் போஸ்டர் வேறு.

நாம் மட்டும் இளைத்தவர்களா? 1992இல் தகவல் அமைச்சர் முகமது ரஹ்மாட், நம்ம ஜொகூர்க்காரர்தான், நீள முடி ராக் பாடகர்களுக்கு அரசாங்க டி.வி.யில் இடமில்லை என்றார். சர்ச் குழுவின் ஏமியும் விங்ஸ் குழுவின் அவியும் முடி வெட்டிக்கொண்டதை நாடே டி.வி.யில் பார்த்தது. பழநிக்குப் போகாமலே முடி காணிக்கை.

பெஞ்சில் இன்னும் கொஞ்சம் நகருங்கள், பேரன் வருகிறான். 2008இல் ‘சுப்ரமணியபுரம்’ 1980ஆம் வருஷத்து மதுரையைக் காலரும் தாடியுமாகத் தோண்டி எடுத்துக் காட்டியதிலிருந்து பழசுக்கு வந்த கிராக்கி இன்னும் இறங்கவில்லை. 2016இல் ‘கபாலி’ வந்தது. கோட்டு மாட்டுவதும் அரசியல்தான். காந்தி சட்டையைக் கழற்றியதற்கும் அம்பேத்கர் கோட்டு அணிந்ததற்கும் காரணம் உண்டு என்றார் பா. ரஞ்சித்தின் ரஜினி. கங்காணிக் கோட்டையும் ஸ்டூடியோ கோட்டையும் பார்த்த சமூகம் உடனே தலையாட்டியது.

பேரனுக்குக் கோட்டு வேண்டாம், பண்டல் கடை போதும். ஜப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் பழைய துணி மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. அதே 2016இல் புக்ஆஃப் என்ற ஜப்பானிய நிறுவனம் ‘ஜாலான் ஜாலான் ஜப்பான்’ என்று இங்கே கடையே திறந்துவிட்டது. 1942இல் நம்மைச் சாக்குக் கட்டவைத்தவன் இப்போது தான் உடுத்திக் கழித்ததை அனுப்புகிறான். அதற்கும் வரிசையில் நிற்கிறோம்.

“என்னா விலைடா இது?”

“நூத்தி இருபது வெள்ளி, தாத்தா. விண்டேஜ்.”

“ஓட்டைக்குத் தனியா காசு வாங்கினானா?”

“ஓட்டை இருந்தாதான் அசல், தாத்தா.”

தாத்தா குனிந்து தன் பனியனை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

இந்த ஊர்வலத்தில் ஒருத்தி மட்டும் இன்னும் வரவில்லை, கவனித்தீர்களா? பால்மரம் வெட்டிய பாட்டி. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆளெண்ணிக்கைக்கு, நின்றவள். கைலிக்கு மேல் புருஷனின் முழுக்கைச் சட்டை, கொசுவுக்காகப் பொத்தான் கழுத்துவரை, தலையில் இறுக்கிய துண்டு. ‘ஓவர்சைஸ்’ என்றும் ‘லேயரிங்’ என்றும் இன்று மேடையில் நடக்கவிட்டுக் கைதட்டுகிற அத்தனையும் அவள் மேல் இருந்தது. சட்டை முழுக்கப் பால் தெறித்துக் கறுத்துக் கெட்டியான கறை. எந்தச் சோப்புக்கும் போகாது. துரையின் தொப்பி பழம்பொருள் கடையில் இருக்கிறது. பெல்பாட்டம் சினிமாவில் இருக்கிறது. அந்தச் சட்டை எங்கேயும் இல்லை. கிழியும் வரை உடுத்தி, கிழிந்ததும் கரித்துணியாக்கி, அதுவும் கந்தலானதும் அடுப்புக்குப் போயிருக்கும். ஏழையின் துணிக்குப் பழசாகும் வாய்ப்பே கிடைப்பதில்லை.

உழைப்பவர் துணிக்கு மதிப்பில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1880களில் அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளி ஒருவர் போட்ட லெவைஸ் ஜீன்ஸ் கைவிட்ட சுரங்கத்திலிருந்து கிடைத்து, 2022இல் நியூ மெக்சிகோவில் ஏலம் போனது. கமிஷனோடு சேர்த்து விலை 87,400 டாலர். அதன் பைத்துணியில், வெள்ளைக்காரத் தொழிலாளர்கள் செய்த ஒரே ரகம் என்று அச்சடித்திருந்தார்கள். சீனர்களை நாட்டுக்குள் விடாமல் அமெரிக்கா 1882இல் சட்டம் போட்டிருந்த காலம் அது. மெழுகுக் கறை, அழுக்கு, அகங்காரம் எல்லாமாகச் சேர்த்துத்தான் அந்த விலை.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்யும்போது பரணில், தகரப்பெட்டியில், பழைய மூட்டையில் பாட்டியின் பால்கறைச் சட்டை அகப்பட்டால் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். வெளுக்கவும் வேண்டாம். விலையே அந்தக் கறைக்குத்தான்.