சுவர் யார் கணக்கில்?

கறம்பக்குடியில் மனை வாங்கினால் ஒரு தகராறு நிச்சயம்: சுற்றுச்சுவரின் கனம் அளவுக்குள்ளா, வெளியிலா? இணைய உலாவிகளுக்குள் நடந்ததும் இதே வழக்குதான்.

இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 1996 டிசம்பரில் வெளியிட்ட, பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் மொழியின் முதல் விதிப்படி, பெட்டியின் அகலம் 300 பிக்சல் என்றால் அது உள்ளடக்கத்துக்கு மட்டும். இருபக்கமும் 20 இடைவெளி, 5 கோடு சேர்த்தால் மொத்தம் 350. ஆனால் மைக்ரோசாஃப்டின் உலாவியான இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 எல்லாவற்றையும் 300க்குள் அடக்கியது. வடிவமைப்பாளர்கள் மைக்ரோசாஃப்டை வாயார வைதார்கள். பிறகு நடந்ததுதான் வேடிக்கை: இன்று அதே ஆட்கள் கோப்பின் தலையில் 'பாக்ஸ்-சைசிங்: பார்டர்-பாக்ஸ்' என்று எழுதி, வைத கணக்கையே வைத்துக்கொள்கிறார்கள்.

2022 ஜூன் 15 அன்று எக்ஸ்ப்ளோரர் ஓய்வு பெற்றது. வழக்கு முடிந்ததா? இல்லை. கல்யாண மண்டபத்துக்கு முன்பதிவுப் பக்கம் செய்துகொடுங்கள். தேதிப் பெட்டிக்கு குரோமில் ஒரு முகம், சஃபாரியில் வேறு முகம். "தம்பி, என் போன்ல இப்படித் தெரியலையே!" என்பார் மண்டபக்காரர். குரோமைக் குறை சொல்லிப் பயனில்லை. தளங்களிடம் தன்னை வேறு உலாவியின் பெயரால் 'மொசில்லா/5.0' என்று அறிமுகம் செய்துகொண்டு, அந்த வரியிலேயே 'சஃபாரி' என்றும் சேர்த்துக்கொள்ளும் ஆள் அது.

ஆகவே தம்பிமாரே, விதிப்புத்தகம் இருக்கட்டும். பணம் தருகிறவர் கையில் இருக்கும் போனில் முதலில் சோதியுங்கள். அதுதான் உலகத்தரம்.