மேயருக்கு ஏப்ரல் வாரம்

கேள்வி: புது நிதியாண்டு பிறந்ததும் சென்னை மேயருக்கு என்னதான் வேலை?
– ஒரு வாசகி, பேசின் பிரிட்ஜ்

பதில்: ஆர்.பிரியாவின் முதல் ஏப்ரலைப் பாருங்கள், தாயே. உங்கள் பக்கத்துப் பெண்தான், 74-வது வார்டு. 2022 மார்ச் 4-ல் மேயரானபோது வயது 28. அந்த நாற்காலிக்கு வந்த முதல் தலித் பெண். 2016-லிருந்து கவுன்சிலே இல்லாமல் அதிகாரிகள் நடத்திய மாநகராட்சி அது.

நாற்காலி சூடாகும் முன்பே ஏப்ரல் வந்தது. சொத்து வரி உயர்வு: பழைய சென்னையில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 50%, 1,800-ஐத் தாண்டினால் 150%. அறிவித்தது மாநில அரசு. பதில் சொல்ல வேண்டியவர் மேயர்! அதே சூட்டில் ஏப்ரல் 9-ல் பட்ஜெட். 200 கவுன்சிலர்கள், ஆளுக்கொரு தெருவிளக்குக் கணக்கோடு.

ஆனால் உங்கள் ஊரின் பெரிய தலைவலிகள் அவர் கையில் இல்லை. பக்கிங்ஹாம் கால்வாய் நீர்வளத் துறைக்கு, குடிநீர் குடிநீர் வாரியத்துக்கு, தண்டவாளம் ரயில்வேக்கு. திட்டு மட்டும் மொத்தமாக மேயருக்கு! இது அநியாயம். நகரத்தாயிடம் நகரத்தின் சாவிகளையும் கொடுத்தாக வேண்டும்.

அதுவரை, குப்பை, விளக்கு, மழைநீர் வடிகால் மூன்றுக்கும் அவரைத் தாராளமாகக் கேளுங்கள். ராயபுரம் மண்டல அலுவலகம் உங்கள் பேசின் பிரிட்ஜ் சாலையிலேயே இருக்கிறது. மனுவோடு போய் நில்லுங்கள்.