காலடி பட்ட வடாம்

அமெரிக்காவில் பைக் என்றால் சைக்கிள். இந்த ஒரு வார்த்தையால் எனக்கும் மாயவரத்தில் இருக்கும் அம்மாவுக்கும் நடந்த தொலைபேசிப் பேச்சு இது:

"மலையில பைக் ஓட்டப் போறேம்மா."

"லைசென்ஸ் எடுத்துட்டியாடா?"

"அந்த பைக் இல்லம்மா, சைக்கிள்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, குரலைத் தணித்துக்கொண்டு: "காரை வித்துட்டியா?"

என்ன விலை என்று கேட்டதற்கு ஒரு பூஜ்யத்தைக் குறைத்துச் சொன்னேன். அதற்கே, "உங்கப்பா ஒரே சைக்கிளை முப்பது வருஷம் ஓட்டினார்" என்று ஆரம்பித்துவிட்டாள்.

நான் இருப்பது யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியில். கிழக்கே நிமிர்ந்து பார்த்தால் வாசாட்ச் மலைத்தொடர். குளிர்காலத்தில் அதில் பனிச்சறுக்கு, கோடையில் சைக்கிள். பனிச்சறுக்குப் போன முதல் நாளே ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று கைகொடுத்து என்னைத் தூக்கிவிட்டது. அன்றோடு அந்த விளையாட்டுக்கு முழுக்குப் போட்டேன். மிச்சம் இருந்தது சைக்கிள். 2022 அக்டோபரில், பருவக் கடைசித் தள்ளுபடியில் வாங்கினேன். நாலு நாள் ஓட்டினேன். பனி கொட்ட ஆரம்பித்தது.

கொட்டியது என்று சும்மா சொல்லவில்லை. ஆல்ட்டா என்ற பனிச்சறுக்கு மலையில் அந்தப் பருவத்தில் மொத்தம் 903 அங்குலம் விழுந்தது. அதாவது 75 அடி. தஞ்சைப் பெரிய கோயில் விமானம் ஏறத்தாழ 216 அடி என்பார்கள்; அதில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு வானத்திலிருந்து பஞ்சாக வந்து இறங்கியிருக்கிறது. (விழுந்தது விழுந்தபடி நிற்காது, அமுங்கிவிடும். ஆனாலும் சொல்லிப் பார்க்க ஒரு சுகம்.) மாநிலத்து மலைகளில் கிடந்த பனியை உருக்கினால் சராசரியாக 30 அங்குலத் தண்ணீர் என்று கணக்குச் சொன்னார்கள். அதற்கு முந்தைய சாதனை 1983இல், 26 அங்குலம். அந்த 1983இல் உருகிவந்த வெள்ளம் ஊர் நடுவில் ஸ்டேட் ஸ்ட்ரீட்டில் ஆறாக ஓடியது. மணல் மூட்டையால் கரை கட்டி, மேலே மரப்பாலம் போட்டு ஜனங்கள் தெருவைக் கடந்திருக்கிறார்கள். சைக்கிள் கடைக்காரர் இதையெல்லாம் சொல்லவில்லை. தள்ளுபடியைப் பற்றி மட்டும் சொன்னார்.

பிப்ரவரியில் எனக்குத் தலையணைப் பைத்தியம் பிடித்தது. மலையில் ஆங்காங்கே தலையணை போட்டு வைத்திருக்கிறார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அதன் பெயரே பனித் தலையணை. உறையாத திரவம் நிரப்பிய பெரிய பை. மேலே பனி சேரச் சேர பை அமுங்கும். அந்த அழுத்தத்தை அளந்து, அங்கே எவ்வளவு தண்ணீர் பனியாகப் படுத்திருக்கிறது என்று ஸ்னோடெல் என்ற அரசாங்க ஏற்பாடு கோடு வரைந்து காட்டும். காலையில் பல் தேய்ப்பதற்கு முன் அந்தக் கோட்டைப் பார்ப்பேன். மற்றவர்கள் பங்குச்சந்தை ஏறாதா என்று ஏங்கினார்கள். இறங்காதா என்று ஏங்கியவன் நான் ஒருவன்தான். மார்ச் முழுக்க அது ஏறிக்கொண்டே இருந்தது. பனி தலையணையில் நிம்மதியாகத் தூங்கியது. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

எதிர்வீட்டுப் பெரியவருக்குத் தலையணையில் நம்பிக்கை கிடையாது. எழுபதைத் தாண்டியவர், வடக்கே கேஸ்வில் பக்கம் வளர்ந்தவர். எப்போது ஓட்டலாம் என்று கேட்டேன். "குதிரை வரட்டும்" என்றார். நான் சைக்கிளைப் பற்றிக் கேட்கிறேன், இவர் குதிரையைப் பற்றிப் பேசுகிறாரே, வயதாகிவிட்டது பாவம் என்று நினைத்தேன். குதிரை நிஜமாகவே இருக்கிறது. கேஸ்வில்லுக்கு மேலே மலைச்சரிவில், பனி உருகும்போது சுற்றிலும் மண் தெரிய ஆரம்பித்து, மிஞ்சிய வெள்ளை மட்டும் குதிரை உருவில் நிற்கும். அந்தக் காலத்து விவசாயிகள் அதைப் பார்த்துத்தான் விதைத்தார்கள் என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்துக்கே பனிக்குதிரை என்று பெயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். மலை முழுக்க வெள்ளை. குதிரை உள்ளேதான் எங்கோ இருந்திருக்க வேண்டும்.

அதிகாலையில் மண் உறைந்து கல்லாகக் கிடக்கும்போது ஓட்டிவிட்டு, வெயில் ஏறுமுன் இறங்கிவிடலாம் என்று அலுவலகத்தில் ஒருவர் யோசனை சொன்னார். அது விடியலில் எழுந்திருப்பவர்களுக்கான யோசனை.

ஏப்ரல் நடுவில் திடீரென்று வெயில் கொளுத்தியது. எமிக்ரேஷன் ஓடை பெருக்கெடுத்து, நகரத்துக்குள்ளேயே தண்ணீர் வந்து, அக்கம்பக்கத்தார் எல்லாம் கூடி மணல் மூட்டை அடுக்கினார்கள். நானும் போய் நாலு மூட்டை தூக்கினேன். ஊரார் வெள்ளத்தைப் பார்த்தார்கள். நான், "ஆகா, உருகுகிறது!" என்று பார்த்தேன். அடுத்த வாரம் என் வீட்டு வாசல் நன்றாகக் காய்ந்திருந்தது. ஆகவே மலையும் காய்ந்திருக்கும் என்று தீர்மானித்தேன். வாசல் சிமென்ட் போட்டது, மலை மண்ணால் ஆனது என்ற சின்ன வித்தியாசம் அப்போது கண்ணில் படவில்லை.

போன இடம் பல்கலைக்கழகத்துக்கு மேலே இருக்கும் பானவில் ஷோர்லைன் பாதை. ஷோர்லைன் என்றால் கரையோரம். மலையில் ஏது கரை என்றால், பனியுகத்தில் இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் பானவில் என்ற ஏரி. ஏறத்தாழ 18,000 ஆண்டுகளுக்கு முன் வடக்கே ஒரு பக்கம் கரை உடைத்துக்கொண்டு ஏராளமான தண்ணீர் வடிந்துபோனது. அலை அரித்த கோடு மலையில் இன்னும் தெரிகிறது. அதை ஒட்டியே பாதை. அங்கிருந்து ஏறும் ஒரு கிளைக்குப் பெயர் டிரை கிரீக், அதாவது வறண்ட ஓடை. பெயரே உத்தரவாதம் கொடுக்கும்போது நான் ஏன் சந்தேகப்பட வேண்டும்?

முதல் இருநூறு கெஜம் சொர்க்கம். தெற்கு பார்த்த சரிவில் வெயில் நேராக விழும். அங்கே மண் பளிச்சென்று காய்ந்திருந்தது. ஒரு வளைவு திரும்பி ஓக் மர நிழலுக்குள் போனேன். வண்டி சொத்தென்று நின்றது. ஏரி விட்டுப்போன களிமண். இரண்டரை அங்குல டயர் ஒரே நிமிடத்தில் யானைக்கால் ஆகிவிட்டது. சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் மண் அடைத்துக்கொண்டு, சக்கரம் சுற்றவே மறுத்தது. சைக்கிள் 14 கிலோ, மண் அதற்குக் குறையாது. இரண்டையும் தோளில் தூக்கியபோது, வலது காலணி தரையிலேயே இருப்பது என்று முடிவு செய்துவிட்டது. அதை எடுக்கக் குனிந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நாயோடு ஓடிவந்த ஒரு பெண்மணி நின்று பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை, நான் போட்ட கோட்டைப் பார்த்தார். "இங்கே ஒரு வழக்கம் உண்டு. தடம் பதிந்தால் திரும்பிப் போய்விட வேண்டும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். இந்த ஊரில் வசவு எல்லாம் சிரிப்போடுதான் வரும். அப்புறம் விளக்கம். ஈரத்தில் விழுந்த பள்ளம் செங்கல் மாதிரி இறுகிவிடும். அடுத்த மழையில் தண்ணீர் அதையே வாய்க்காலாக்கி அறுக்கும். பின்னால் வருகிறவர்கள் பள்ளத்துக்கு ஒதுங்கி ஓரத்தில் போவார்கள், ஓரமும் போகும். ஓராள் நடக்கும் பாதை மாட்டுவண்டிப் பாதையாக அகலும். அதனால் வழியில் சேறு குறுக்கிட்டால் நட்டநடுவில் போக வேண்டும். நானோ நடுவில் போனால் அநாகரிகம் என்று பயபக்தியோடு ஓரமாகவே வந்திருந்தேன். நாய் கோட்டை மோந்து பார்த்துவிட்டு ஓரமாக ஒதுங்கிப் போனது.

அன்று இரவு அம்மாவிடம் இதைச் சொன்னேன். அங்கே அப்போது வடாம் காலம். அவள் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை.

"மேல காஞ்ச மாதிரிதான்டா இருக்கும். ஓரத்தைப் புரட்டிப் பாக்கணும். அடி ஈரம் போகாம கை வச்சா பிஞ்சுடும்."

மண்ணிலும் இதேதான் நடக்கிறது. மேல் இரண்டு அங்குலம் இளகியிருக்கும், அடியில் இன்னும் உறைந்திருக்கும். தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் நடுவில் நிற்கும். இதை அம்மாவுக்கு விளக்கினேன். அவள் கேட்டால்தானே.

"ஏழு வயசுல உன்னைக் காக்கா ஓட்ட மாடியில உக்கார வச்சேன். காக்கா வரல. நீதான் நடுவுல கால வச்ச. அந்த வருஷம் பூரா உன் காலடியைத்தான் பொரிச்சுத் தின்னோம்."

இதற்குப் பிறகு எனக்கு அதீத ஜாக்கிரதை வந்துவிட்டது. மே மாதம் முழுவதும் வீட்டில் உட்கார்ந்தேன். சேறு போய், புழுதி கிளம்புவதற்கு முன், மண் பிசைந்த மாவுபோல டயரைப் பிடித்துக்கொள்ளும் நாட்கள் கொஞ்சம் உண்டு. அதற்கு இங்கே ஹீரோ மண் என்று பெயர். யார் ஓட்டினாலும் கதாநாயகன்போல வளைந்து போகலாமாம். அந்த ஆண்டு ஹீரோ மண் அடிவாரத்துக்கு வந்து, இருந்து, போயும்விட்டது. நான் வாசலில் நின்று எதிர்வீட்டுக்காரரிடம் குதிரை வந்தாச்சா என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். குதிரையும் வந்து போய்விட்டதாம்.

அடிவாரம் தவறினால் என்ன, உயரத்துக்குப் போவோம் என்று மில்கிரீக் பள்ளத்தாக்கைக் குறித்து வைத்தேன். மேல்சாலைக்கு ஒரு கேட். நவம்பர் 1 அன்று மூடினால் ஜூலை 1 அன்றுதான் திறப்பார்கள். தேதி நிச்சயம், எந்தத் தலையணையையும் கேட்க வேண்டாம். ஜூலை 1, சனிக்கிழமை, அதிகாலையில் (ஆம், அதிகாலையில்) சைக்கிளைக் காரின் முதுகில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். மேலே போய்ப் பலகையைப் படித்தால், அங்கே சைக்கிளுக்கு இரட்டைப்படைத் தேதிகளில் மட்டும்தான் அனுமதி. ஒற்றைப்படையில் நாய்களைக் கயிறில்லாமல் விடலாம். கேட் திறப்பது ஒற்றை நாள், சைக்கிளுக்கு வழி இரட்டை நாள். அஷ்டமி நவமி பார்த்தே வளர்ந்த எனக்கு அந்தப் பலகையிடம் மரியாதைதான் வந்தது. 31 நாள் மாதமாக இருந்தால் அடுத்தடுத்து இரண்டு ஒற்றை நாள் வரும். அதிலும் நாய்களுக்குத்தான் யோகம். அன்று காலை எத்தனையோ நாய்கள் என்னைக் கடந்து போயின. எல்லாம் சந்தோஷமாக இருந்தன.

மறுநாள் போனேன். மேலே வாசாட்ச் கிரெஸ்ட் முகடுவரை போக ஆசை. ஜூலை 2 அன்று, வெயிலில் முழங்கை வெந்துகொண்டிருக்க, வடக்கு பார்த்த சரிவின் நிழலில் இடுப்பளவு பனி படுத்திருந்தது. குறுக்கே விழுந்த மரங்கள் வேறு. ஓட்டிய தூரத்தைவிடச் சைக்கிளைத் தூக்கிய தூரம் அதிகம். கொசுக்களுக்கு ஒற்றை இரட்டைக் கணக்கு ஏதும் இல்லை.

ஆகஸ்ட் கடைசியில்தான் பயப்படாமல் ஓட்டினேன். எல்லா இடமும் காய்ந்து, மாவுபோலப் புழுதி. டிரை கிரீக் பெயருக்கு ஏற்ப வறண்டிருந்தது. வேகமாக இறங்கி, ஓக் மர வளைவில் திரும்பும்போது முன்சக்கரம் ஏதோ ஒரு பள்ளத்தில் மாட்டி, கைப்பிடிக்கு மேலாகப் பறந்து புதரில் விழுந்தேன். எழுந்து, எந்தப் புண்ணியவான் ஈரத்தில் ஓட்டிவிட்டுப் போனான் என்று திட்டிக்கொண்டே பார்த்தேன். செங்கல்லாக இறுகிய டயர் தடம். அது முடியும் இடத்தில் ஒரு காலணி அச்சு. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்த அச்சு.

அந்தப் பக்கம் போகிறவர்கள் ஓக் மர வளைவில் கொஞ்சம் பார்த்து இறங்குங்கள். மண்வெட்டியோடு போய் இரண்டு முறை மூடியிருக்கிறேன், இன்னும் லேசாகத் தெரிகிறது.