வண்டிக்குச் சீர்வரிசை

வா கண்ணு, வண்டிய அந்தப் புளியமர நெழல்ல நிறுத்து. நாலு பக்கமும் சுத்தி வந்து நானும் பாத்துக்கறேன். போலிரோ பிக்கப்பு, 1,700 கிலோ பாரம் ஏத்தலாம்னு ஷோரூம்ல சொல்லிக் குடுத்தது. சீட்டு மேல பாலித்தீன் இன்னும் கிழிக்கல. அதுக்குள்ள கையில என்னவோ நீளமா ஒரு சீட்டு? மளிகை லிஸ்டாக்கும்னு கண்ணாடியப் போட்டுப் பாத்தா, முன்னாடி கார்டு, மேல லைட்டுப் பட்டி, நாலு கொழல் ஏர் ஹாரன், பின்னாடி எச்சா ரெண்டு ஸ்பிரிங் பட்டை, உசர டயரு, அடியில செக்கர் தகடு, கூம்பு ஃபில்டரு, டெக்கு, வூஃபரு! பெத்த பொண்ணக் கட்டிக் குடுக்கறப்பக் கூட இத்தனை சீர் நான் செய்யல. வேணும்னா உங்கம்மாளக் கேளு.

வேண்டாம்னு சொல்லுவேன்னு மூஞ்சியத் தூக்காதே. செய், தாராளமாச் செய். டியூ கட்டறது நீ, ஜாமீன் கையெழுத்துப் போட்டது உங்கப்பன், எனக்கென்ன நோவு? நான் பட்டறை பெஞ்சுல உக்காந்து ஓசிப் பேப்பர் படிக்கறவன். நீ மாட்ட வந்தா எனக்கு ஒரு டீயாச்சும் கெடைக்கும். ஆனா, தெனம் அந்தப் பெஞ்சுல உக்காந்தா காதுல நாலு சங்கதி விழுகத்தானே செய்யும்? அதையும் கேட்டுட்டுப் போ.

மொதல்ல கார்டு. பட்டறைக்காரன் அதை நேரா சேஸுல வெச்சுப் போல்ட்டு முறுக்குவான். கம்பெனிக்காரன் முன்மூஞ்சிய மெல்லிசாச் செஞ்சது கஞ்சத்தனத்துலங்கறது உன்ற நெனப்பு. இடிச்சா அது நசுங்கோணும், நசுங்கி அடிய வாங்கிக்கோணும், அதுக்குத்தான் அப்படி. கார்டு போட்டா மூஞ்சி நசுங்காது, அடி நேரா சேஸுக்குப் போகும். பிளாஸ்டிக் கிரில்லக் காப்பாத்தி சேஸக் கோணலாக்கறதுக்குக் காசும் குடுக்கறயே, அந்தத் தாராள மனசு நம்ம வம்சத்துல ஆருக்கும் இருந்ததில்ல. குறுக்க வந்து அடிபடறவன் காலெலும்பப் பத்தி நான் பேசவே இல்ல. 2017 டிசம்பர்லயே டில்லியிலிருந்து எல்லா மாநிலத்துக்கும் எழுதிப் போட்டாங்க, கார்டு கூடாதுன்னு. அப்புறம் ஏன் கடை வாசல்ல வரிசையாத் தொங்குதுங்கறயா? விக்கறவனுக்கென்ன, ரோட்டுல மடக்கினா எறங்கி நிக்கப் போறது நீதானே.

அடுத்து தகடு. ஒம்பதடி நீளம், அஞ்சரை அடி அகலம், மூணு மில்லி கனம். கணக்குப் போட்டுப் பாரு, நூறு கிலோவைத் தாண்டும். கார்டு, பட்டை, லைட்டுப் பட்டி, வூஃபரு டப்பா எல்லாம் சேத்து நூத்தம்பதுன்னு வெச்சுக்கோ. ஆர்.சி.யில மொத்த எடைன்னு ஒண்ணு போட்டிருக்கறான். அதுல வண்டி எடை போக மிச்சம் இருக்கறதுதான் உன்ற பொழப்பு. நீ மாட்ட மாட்ட வண்டி எடை ஏறும், மொத்தம் ஏறாது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி ஓட்டறவனுக்கு நூத்தம்பது கிலோன்னா என்ன? 15 கிலோப் பெட்டி பத்து. ஒவ்வொரு நடைக்கும் பத்துப் பெட்டிய தோட்டத்துலயே உட்டுட்டுப் போகோணும். அதையும் சேத்து ஏத்திட்டுப் போயி எடை மேடையில மாட்டுனா 20,000 ரூவா, அதுக்கு மேல டன்னுக்கு 2,000. அந்தப் பத்துப் பெட்டி எடையில தகடும் கார்டும் சொகுசா உக்காந்துட்டு வரும். போறப்பவும் வரும், திரும்பறப்பவும் வரும், எறங்கவே எறங்காது. வாடகை கேட்டுப் பாரு, பேசாது. அடி தேயாம இருக்கோணும்னா ரப்பர் மேட்டு ஒண்ணு வாங்கிப் போட்டாத் தீந்துது.

இப்ப பட்டைக்கு வருவோம். இதுலதான் நீ நெம்பக் கெட்டிக்காரன். "பின்னாடி உக்காருதுங்க அப்புச்சி, ரெண்டு பட்டை சொருகினா நிமிந்து நிக்கும்"கறே. நிக்கும், ஆரு இல்லேன்னா? ஆனா பட்டை எச்சானா பாரம் கொறையுமா? பாரத்தத் தாங்கறது ஆக்சில், பேரிங்கு, ரிம்மு, டயரு. நிறுத்தறது பிரேக்கு. இதுல எதை நீ மாத்துனே? பாரம் அதிகமாச்சுன்னு உன்ற கண்ணுக்குத் தெரியற ஒரே அடையாளத்த அழிச்சுட்டு வர்றே, கூலியும் குடுத்துட்டு.

இன்னொண்ணு இருக்குது, இது பெஞ்சுல உக்காந்துதான் தெரிஞ்சுகிட்டேன். அடியில குனிஞ்சு பாரு. எனக்கு இடுப்பு வளையாது, நீ பாரு. பின் ஆக்சில்ல இருந்து ஒரு கம்பி மேல போயி ஒரு வால்வுல சேருதா? நெம்ப வண்டியில இது உண்டு, லோடு சென்சிங் வால்வும்பாங்க. எத்தனை மூட்டை ஏத்தினேன்னு அதுக்குத் தெரியாது. சேஸு ஆக்சில் பக்கமா எவ்வளவு எறங்கியிருக்குதுங்கறது மட்டுந்தான் தெரியும். எறங்கியிருந்தா லோடு இருக்குது, பின் சக்கரத்துக்குப் பிரேக்க முழுசா உடலாம். எறங்கலையா, காலி வண்டி, கொறச்சுத்தான் உடோணும், இல்லாட்டிப் பின் சக்கரம் பூட்டிகிட்டு வழுக்கும். இதுதான் அதோட கணக்கு.

நீ பட்டையச் சொருகி வண்டிய நிமித்திட்டே. தாளவாடியில முட்டைக்கோசு முழு லோடு ஏத்திட்டுத் திம்பத்துல எறங்கறே, 27 கொண்டை ஊசி வளைவு. வால்வு என்ன நெனைக்கும்? பையன் வெறும் வண்டிய எடுத்துட்டு ஊரு சுத்தறான்னு நெனச்சுகிட்டுப் பின் பிரேக்கக் கொறச்சுரும். அத்தனை பாரத்தையும் முன் சக்கரத்துப் பிரேக்கே புடிக்கோணும். பாதி மலை எறங்கறதுக்குள்ள பேடு கருகற வாசம் வரும், அப்புறம் பெடல மிதிச்சாலும் வண்டி நிக்கறதுக்கு யோசனை பண்ணும். பட்டை போடறவன் கிட்ட, அந்தக் கம்பிய மறுபடி செட் பண்ணிக் குடுப்பயான்னு ஒரு வார்த்தை கேளு. "எந்தக் கம்பி?"ன்னு அவன் திருப்பிக் கேட்டான்னா, சாவிய வாங்கிட்டு வந்துரு.

காலியா வர்றப்ப அந்தப் பட்டை வளைஞ்சே குடுக்காது, ஒவ்வொரு குழியும் நேரா உன்ற முதுகுத்தண்டுக்கு வரும். லோடு ஏத்தினாலும் அந்த வெரைப்பு முழுசாப் போகாது, கீழ் அடுக்குத் தக்காளி மார்க்கெட்டுப் போறதுக்குள்ள நசுங்கித் தண்ணி உட்டுரும். மண்டிக்காரன் பெட்டிக்குள்ள கைய உட்டுப் பாத்துத்தான் வெலை சொல்லுவான். வண்டி நிமிந்து நிக்குதேன்னு பெட்டிக்கு அஞ்சு ரூவா சேத்துக் குடுக்க மாட்டான்.

உங்கப்பன் மொத மொதல்ல ஓட்டுனது குட்டி யானை. 2005ல வந்த வண்டி, ரெண்டே சிலிண்டரு, 702 சிசி, 16 குதிரை. 750 கிலோ ஏத்துன்னு கம்பெனி சொல்லுச்சு. நம்மாளுக எவ்வளவு ஏத்தினாங்கங்கறது அந்த மாரியாத்தாளுக்குத்தான் வெளிச்சம். எங்க மாப்பிள்ளையும் அன்னைக்குப் பட்டை சொருகினவருதான். அப்புறம் என்னாச்சுன்னு பொழுதோட சோறு திங்கறப்பக் கேளு. ரசம் நல்லா இருக்குதுன்னு பேச்ச மாத்துவாரு.

உசர டயரு போட்டா முள்ளு பொய் சொல்லும். டயரு உசரம் நூத்துக்கு அஞ்சு ஏறுனா, முள்ளு 60ங்கும், நீ 63ல போயிட்டிருப்பே. மேட்டுல இழுவை கொறையும். டீக்கடை முன்னாடி நிறுத்தறப்ப அழகா இருக்கும், அதை நான் மறுக்கல.

லைட்டு சங்கதி கேளு. கம்பெனி பல்பு 60/55 வாட்டு. 100/90 வேணுங்கறே. ரிலே வெக்காம அதே மெல்லிசு ஒயர்ல மாட்டுனா ஹோல்டரு உருகி ஊத்தும். அப்ப எல்.இ.டி.ங்கறயா? உள்ள இருக்கற ரிஃப்ளெக்டர், சுருள் கம்பி எந்த எடத்துல எரியுமோ அந்த எடத்தக் கணக்குப் பண்ணி வளைச்சது. வேற எடத்துல வேற தினுசா எரிஞ்சா வெளிச்சம் ரோட்டுல விழுகாது, எதுக்க வர்றவன் கண்ணுல விழுகும். நம்ம தடத்துல எதுக்க வர்றவன் ஆருங்கறே? பாதி நாளு நாந்தான், எக்ஸெல் வண்டியில, ஆபரேஷன் பண்ணுன கண்ணோட. சொத்து இன்னும் எழுதி வெக்கல, ஞாபகம் வெச்சுக்கோ.

ராகம் மாத்தி மாத்திப் பாடற ஹாரனுக்குச் சட்டத்துல எடமில்ல. எஞ்சினுக்குச் சிப்பு வெக்கறது, ஈ.ஜி.ஆர். அடைக்கறது, கூம்பு ஃபில்டரு, இதுக்கெல்லாம் நான் வாயத் தொறக்கப் போறதில்ல. இது 2020 ஏப்ரலுக்குப் பொறகு வந்த பி.எஸ். 6 வண்டி. நோண்டுனா மஞ்ச வெளக்கு எரியும், வாரண்டிக்காரன் கைய விரிச்சுருவான்.

சட்டம் பேசறேன்னு சிரிக்கறயா? மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு. கம்பெனி குடுத்த விவரத்துக்கும் உன்ற வண்டிக்கும் வித்தியாசம் வர்ற மாதிரி மாத்தப்படாது. கேரளாவுல இருந்து போன வழக்குல 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதையேதான் சொல்லுச்சு. அதே வருஷம் கொண்டாந்த திருத்தத்துல 5,000 ரூவா அபராதம், இல்லீன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலு, இல்லீன்னா ரெண்டும். வண்டிக்கு 5,000 இல்ல கண்ணு, ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000. உன்ற சீட்ட நீயே பெருக்கிப் பாத்துக்கோ. டெக்கையும் வூஃபரையும் வேணா கழிச்சுக்கோ.

எப்.சி. வந்தா என்ன செய்வேன்னும் எனக்குத் தெரியும். எட்டு வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா, அப்புறம் வருஷா வருஷம். மொத நாள் ராத்திரி பட்டறையில கார்டு, ஹாரன், லைட்டு அத்தனையும் கழட்டுவே. காலையில பிரேக் இன்ஸ்பெக்டரு பாப்பாரு, பரம சாதுவான வண்டி. பொழுதோட மறுபடி மாட்டுவே. கழட்டக் கூலி, மாட்டக் கூலி. பட்டறைக்காரனுக்கும் இது தெரியும், பிரேக் இன்ஸ்பெக்டருக்கும் தெரியும். தெரியாதவன் இன்சூரன்ஸ்காரன் ஒருத்தன்தான். அவனும் வண்டி கவுந்த அன்னைக்குத் தெரிஞ்சுக்குவான்.

மெட்ராஸ் போனா ஜி.பி. ரோட்டையும் புதுப்பேட்டையையும் ஒரே நாள்ல பாத்துட்டு வா. ஜி.பி. ரோட்டுல புதுசா மாட்டறதுக்கு விப்பாங்க, புதுப்பேட்டையில கழட்டுனத விப்பாங்க. உன்ற சீட்டுல இருக்கற அத்தனையும் ரெண்டு எடத்துலயும் கெடைக்கும்.

அதுக்காக வெறுங்கையோட அனுப்புவனா? அப்புச்சி ஊட்டுச் சீருன்னு ஒண்ணு வேணுமல்ல. ஓட்டையில்லாத தார்ப்பாய் ஒண்ணு, நல்ல கயிறு. ரிஃப்ளெக்டர் டேப்பு, முன்னாடிக்கு வெள்ளை, பக்கத்துக்கு மஞ்ச, பின்னாடிக்கு செவப்பு. பிரேக் பேடு மாத்தறப்பக் கம்பெனிச் சரக்கா வாங்கு, பாதி வெலைக்குக் கெடைக்கறதோட டப்பாவும் அச்சு அசலா அப்படியேதான் இருக்கும், ஏமாந்துராதே. டயரு தேஞ்சா அதே அளவுல நல்ல டயரு. இதுக்கெல்லாம் என்ற மடியில இருந்து காசு தர்றேன். ஒரு பய திரும்பிப் பாக்க மாட்டான், அதுதான் உனக்குச் சங்கடம்.

முன் கண்ணாடியில "அப்புச்சி ஆசி"ன்னு ஒட்டியிருக்கறதையும் பாத்துட்டேன். அதைக் காட்டி என்ற வாய அடைக்கலாம்னு பாக்காதே. ஓரமா ஒட்டு, வளைவுல ஆளு தெரியோணும்.

அப்புறம் எனக்குன்னு ஒண்ணே ஒண்ணு. சித்திரையில கண்ணபுரம் சந்தைக்குக் காங்கேயம் மாடு பாக்கப் போகோணும், உன்ற வண்டியிலதான். கேபின்ல ஏறறதுக்கு முட்டி மடங்க மாட்டேங்குது. கதவுக்குக் கீழ அகலமா ஒரு படி, புடிச்சு ஏற ஒரு கைப்பிடி, பட்டறையில சொல்லி வெல்டு வெச்சுரு. என்ன முழிக்கறே? அதுவும் மாத்தத்துல சேருமாங்கறயா? சேந்தாச் சேரட்டும், 5,000 தானே. உங்க அமுச்சி மஞ்சப் பையில வெச்சிருக்கறா, நான் கேட்டாக் குடுக்க மாட்டா. நீ கேளு.