பெரிய பல் அண்ணாச்சி

இலத்தூர் விலக்கில் விடியற்காலை நின்றால் அவரைப் பார்க்கலாம். இலத்தூருக்கு மட்டும் சொந்தமானவர் இல்லை. தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் என்று எந்த ஊரை எடுத்தாலும் இந்த ரகத்தில் ஒருவர் தேறுவார். வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். டாக்டர் ‘நடங்க’ என்றுதான் சொன்னார்; இவர் சைக்கிள் வாங்கிவிட்டார். அதுவும் மலையேறும் சைக்கிள். தடித்த டயர், முன்னால் ஷாக் அப்சார்பர், 21 கியர். பஞ்சு வைத்துத் தைத்த இறுக்கமான டிரவுசருக்கு மேலே ஒரு கைலியைச் சுற்றிக்கொண்டுதான் தெருவைக் கடப்பார். டீக்கடை பெஞ்சில் தாய்மாமன் உட்கார்ந்திருப்பாரே! ஊர் எல்லை தாண்டியதும் கைலி மடிந்து முதுகுப் பைக்குள் போய்விடும்.

அண்ணாச்சிக்கு ஒரே கொள்கைதான். முன்னால் மூன்று பல்சக்கரங்கள் இருக்கின்றன அல்லவா, 42 பல், 34 பல், 24 பல் என்று? அதில் 42-ஐ விட்டுச் செயின் இறங்கக் கூடாது. இறங்கினால் மானம் போச்சு. இடது கைப்பக்கத்துக் கியர் விசை 3 என்ற எண்ணிலேயே நின்று தூசி படிந்து கிடக்கிறது. சர்வீஸுக்கு விட்டபோது கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார். பெரிய பல் தேய்ந்து வெள்ளி நிறம் கண்டிருந்தது. சின்னப் பல்லில் ஒரு கீறல்கூட இல்லை. கம்பெனியில் அடித்த கறுப்புப் பெயிண்ட் அப்படியே இருந்தது.

“அண்ணாச்சி, இது சும்மாதான கெடக்கு, வித்துப்புடுவமா?”

“கெடந்துட்டுப் போகுது வே. அதெல்லாம் பொம்பளப் பிள்ளேளுக்கு உள்ளது.”

இந்தக் கட்சிக்கு இலத்தூரில் அண்ணாச்சி தலைவர் என்றால், உலக அளவில் ஹென்றி தெக்ராஞ்ச். 1903-இல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய அதே மனுசன்தான். கியர் மாற்றுவதெல்லாம் நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கு என்பது அவர் கருத்து. செயினை ஓட்டத்திலேயே பல் மாற்றும் டெரெய்லர் கருவியை 1937 வரை அந்தப் பந்தயத்தில் அனுமதிக்கவில்லை. அதற்கு வெகுமுன்பே, 1902-இல், மார்த் ஹெஸ் என்ற பெண் மூன்று கியர் சைக்கிளில் மலைப்பாதையில் கால் ஊன்றாமல் ஏறி, ஒற்றைக் கியர் வீரர் ஒருவரைத் திணறடித்த கதை பிரெஞ்சு சைக்கிள்காரர்களிடம் உண்டு. அண்ணாச்சியிடம் சொல்லிப் பார்த்தோம். “அது பிரான்சு மலை, சின்னதா இருக்கும்” என்றார்.

ஆனி, ஆடியில் மலை வரைக்கும் போகவே வேண்டாம். ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று புகுந்து இந்தப் பக்கம் கொட்டும். காற்றாலை வைத்தவன் காசு பார்க்கும் காலம் அது. இலத்தூரிலிருந்து செங்கோட்டைக்கு ரோடு சமதளம்தான், ஆனால் எதிர்க்காற்றில் அதுவே ஏற்றம். அண்ணாச்சி அங்கேயே எழுந்து நின்று மிதிக்க ஆரம்பிப்பார். மூஞ்சியில் சாரல் அடிக்கிறதா, வேர்வை வழிகிறதா என்று தெரியாது. அது அவருக்கு வசதி.

உண்மையான பரீட்சை புளியரை தாண்டி வரும் எஸ் வளைவில். அங்கே வைக்கோல் லாரி ஓட்டுகிறவரைக் கவனியுங்கள். வளைவு வருவதற்கு முன்பே கியரை இறக்கிவிடுவார். நடு ஏற்றத்தில் வண்டி திணறும்போது இறக்கினால் என்னாகும் என்று அவருக்குத் தெரியும். பக்கத்து மலையில் 1904-இல் போட்ட செங்கோட்டை-புனலூர் ரயில் பாதை ஓடுகிறது. அதில் போகிற ரயிலுக்குப் பின்னாலும் ஓர் எஞ்சினை மாட்டித் தள்ளுகிறார்கள். ரயில்வேக்கே இல்லாத வெட்கம் அண்ணாச்சிக்கு.

பெரிய பல்லிலேயே ஏற்றத்துக்குள் நுழைவார். பத்து மிதியில் வேகம் செத்துவிடும். அப்போதுதான், முழு எடையும் பெடலில் இருக்கும்போது, வலது விசையைத் திருகுவார். பின்சக்கரத்தில் செயின் ‘கடக் கடக்’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு 28-க்குத் தாவும். முன்னால் பெரியது, பின்னாலும் பெரியது. செயின் கோணலாக இழுபட்டு முனகும். இந்தச் சேர்க்கையில் பெடலை ஒரு முழுச் சுற்று சுற்றினால் சைக்கிள் மூன்று மீட்டர் போகவேண்டும். மணிக்கு ஆறு கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு முப்பத்துச் சொச்சம் சுற்றுதான் வரும். ஒவ்வொரு சுற்றும் ஒரு மூட்டை தூக்குவதற்குச் சமம். அதை முட்டுதான் தூக்குகிறது. முன்பல்லை 24-க்கு இறக்கினால் சுற்றுக்கு 1.8 மீட்டர். அதே வேகத்துக்கு ஒன்றே முக்கால் மடங்கு மிதி மிதிக்க வேண்டும், ஆனால் மிதிக்குப் பாரம் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான். மலை கேட்கிற மொத்தக் கூலியில் மாற்றமில்லை, சில்லறையாகக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

மத்தளம்பாறைப் பக்கம் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண் எங்களோடு வருவாள். சில்லறைக் கட்சி. லாரிக்காரரைப் போலவே வளைவுக்கு முன்னாலேயே கியரை இறக்கிவிட்டு, சீட்டிலிருந்து எழாமல், மூச்சு வாங்காமல், பேசிக்கொண்டே ஏறுவாள். குளத்துக்கரைச் சரளை மேட்டிலும் அவள் எழுந்திருப்பதில்லை. எழுந்து நின்றால் பின்சக்கரத்தில் பாரம் குறைந்து, டயர் சரளையில் வழுக்கி வெறுமனே சுற்றும். ரொம்பப் பின்னால் உட்கார்ந்தால் முன்சக்கரம் மேலே தூக்கும். அதனால் சீட்டின் மூக்குக்கு நகர்ந்து, முழங்கையை மடக்கி, நெஞ்சைத் தாழ்த்திப் பைய மிதிப்பாள். அண்ணாச்சி அங்கே எழுந்து நிற்பார். சரளை பறக்கும். சைக்கிள் அதே இடத்தில் நிற்கும்.

“கியரை எறக்குங்க அண்ணாச்சி!”

“எறக்குததுக்கா தாயி இவ்வளவு துட்டக் குடுத்து வாங்குனேன்?”

சைக்கிளை விட்டு அவர் இறங்குவதில் குறையே வைப்பதில்லை. ஆனால் ஏற்றத்தால் இறங்கினார் என்று யாரும் சொல்லிவிட முடியாது. எஸ் வளைவின் முதல் திருப்பத்தில் போன் வரும். இரண்டாவதில், மேகம் இறங்கிய மலையைப் படம் எடுத்தாக வேண்டும். உச்சியில் கோட்டைவாசல் கருப்பசாமி கோயில் இருக்கிறது. லாரிக்காரர்கள் தேங்காய் உடைத்துவிட்டுக் கேரளத்துக்குள் போவார்கள். அண்ணாச்சி கோயிலுக்கு வெகு தூரத்திலேயே இறங்கி உருட்டிக்கொண்டு வருவார். “சாமி எல்லைக்குள்ள சவாரி போகப்படாது வே.” பக்தி வருடத்துக்கு வருடம் கூடி, எல்லை இப்போது புளியரை வரை வந்துவிட்டது.

திரும்பும்போது பாதை நேரே குற்றாலம். பேரருவிக் கரையில் எண்ணெய் தேய்ப்பவர் ஒருவர் அவருடைய வாடிக்கை. முழங்காலைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார்: “இன்னைக்கும் பெருசுலயே ஏறுனீயளோ?” அண்ணாச்சி பதில் சொல்லாமல் அருவிக்கு அடியில் போய் முழங்காலை நீட்டிக்கொண்டு நிற்பார்.

இப்போது அண்ணாச்சி புதுச் சைக்கிள் வாங்கப் போகிறார். நல்ல மலையேற்ற சைக்கிள்களில் முன்னால் மூன்று சக்கரம் வைக்கும் வழக்கம் ஒழிந்துவிட்டது. ஒன்றே ஒன்றுதான், இடது கைக்கு விசையே கிடையாது. கேள்விப்பட்ட நாளிலிருந்து மனுசனுக்குத் தலைகால் புரியவில்லை. “பாத்தியளா, சின்னப் பல்லைக் கம்பெனிக்காரனே தூக்கிட்டான்!” என்று டீக்கடையில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. அந்த ஒற்றைச் சக்கரத்துக்கு 32 பல். பின்னால் இருக்கும் பெரிய சக்கரம் பிரானூர் பார்டர் புரோட்டா அகலம், அதில் 51 பல். கணக்குப் போட்டால், அவர் ஆயுசுக்கும் தொடாத அந்தச் சின்னப் பல்லைவிட இது இன்னும் இளகின கியர். கடைக்காரருக்கு இது தெரியும். எங்களுக்கும் தெரியும். அட்வான்ஸ் கொடுத்து முடியட்டும் என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருக்கிறோம்.