தான்தோன்றித் தலைவர்

யாழ்ப்பாணத்தில் ஒரு கத்தோலிக்கக் கல்லூரிப் போடிங்கில் என்னைச் சேர்த்த அன்று, "எந்த ஊர்?" என்று வகுப்பில் கேட்டார்கள். "ஒட்டுசுட்டான்" என்றேன். "எதை ஒட்டிச் சுட்டவன்?" என்று பின்வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற றோட்டில் இருக்கிறது என்று விளக்கினேன். மாங்குளமே அவர்களுக்கு ரயில் நின்று மூச்சு வாங்குகிற இடம். அதற்கங்கால் யானை மட்டும்தான் குடியிருக்கிறது என்பது அவர்கள் படித்த பூமிசாத்திரம்.

ஊர் மானத்தைக் காப்பாற்ற ஊர்க்கதையை எடுத்துவிட்டேன். குரக்கன் அரிந்த நிலத்தில் மிஞ்சிய தாளை, அதாவது ஒட்டைச் சுட்டபோது ஓரிடம் மட்டும் எரியாமல் நின்றதாம். போய்ப் பார்த்தால் லிங்கம். யாரும் வைத்ததில்லை, தானாகத் தோன்றியது. அதனால் ஊர் ஒட்டுசுட்டான், எங்கள் சிவன் தான்தோன்றீஸ்வரர். நல்ல கதைதான், சொன்ன இடம்தான் பிழை. அன்று பின்னேரத்திலிருந்து என் பெயர் 'தான்தோன்றி'. போடிங் பொறுப்பான சுவாமியாருக்கும் அது பிடித்துப்போயிற்று. "இது என்ன தான்தோன்றித்தனம்!" என்று அவர் யாரை ஏசினாலும் நான் எழுந்து நின்றுவிடுவேன்.

இது நடந்தது 1970களின் முற்பகுதி. பாணுக்கு விடியமுன் வரிசையில் நிற்க வேண்டிய காலம். போடிங்கில் நூற்றுக்கு மேற்பட்ட வயிறுகள். மற்ற நாட்களில் கத்தோலிக்கர், சைவர் என்று பிரிந்திருந்த நாங்கள் வெள்ளிக்கிழமை மட்டும் ஒன்றாவோம். அவர்களுக்கு அன்று இறைச்சி ஆகாது, எங்களுக்கு மச்சமே ஆகாது. இரண்டு சமயமும் ஒரே பருப்பில் சந்தித்தன. சமய நல்லிணக்கம் பற்றிப் பின்னாளில் நான் கேட்ட பேச்சு எதிலும் அந்தப் பருப்பளவு உப்பு இருக்கவில்லை.

அடுத்த ஆண்டு மாணவத் தலைவர் தெரிவு. என் பெயரும் பட்டியலில் இருந்தது. "அமைதியான பிள்ளை, பொறுப்பான பிள்ளை" என்று சுவாமியார் காரணம் சொன்னார். வாய் திறந்தால் 'காட்டான்' என்பார்களே என்றுதான் நான் பேசாமல் இருந்தேன். அதைப் பொறுப்பு என்று எண்ணிவிட்டார்.

எனக்குக் கிடைத்த இலாகா இராப்படிப்பு. ஏழு மணியிலிருந்து ஒன்பது மணிவரை மண்டபத்தில் ஒரு சத்தம் வரக்கூடாது. கதைக்கிறவன் பெயரை எழுதிச் சுவாமியாரிடம் கொடுக்க வேண்டும். முதல் இரவு பதினேழு பெயர் எழுதினேன். படுக்கப் போனபோது என் தலையணை பூவரச மரத்தில் இருந்தது. இரண்டாம் இரவு ஒன்பது பெயர். தலையணையோடு பாயும் ஏறியது. மூன்றாம் இரவு நான் யாருடைய பெயரையும் எழுதவில்லை. மண்டபம் சந்தையாயிற்று. கடைசியில் சுவாமியார் என் பெயரை எழுதிக்கொண்டு போனார். சட்டைப்பையில் குத்தியிருந்த சின்னம் மட்டும் ஒழுங்காக மினுங்கிக்கொண்டிருந்தது.

வைகாசி கடைசியில் அப்பா என்னைப் பார்க்க வந்தார். ஒரு கையில் தேன்போத்தல், மற்றக் கையில் உமல் நிறையப் பாலைப்பழம். சுவாமியாரைக் கண்டதும் கோயில் ஐயருக்குக் கும்பிடுவதுபோலக் கும்பிட்டு, "ஐயா, பிள்ளை என்ன மாதிரி?" என்றார். "நல்ல பிள்ளை, ஆனால் ஒருத்தரும் அவன் சொல்லுக் கேட்கிறதில்லை" என்றார் சுவாமியார். அப்பா சிரித்தார். "அது எங்கட வீட்டிலயும் அப்பிடித்தான்."

பாலைப்பழம் தெரியாதவர்களுக்கு ஒரு சொல். மஞ்சளாய், விரல்நுனி அளவில் இருக்கும். தேன்போல இனிக்கும். ஆனால் அதில் ஒரு பால் உண்டு. நாலைந்து பழத்தோடு நிறுத்தினால் ஒன்றும் தெரியாது. கைநிறைய அள்ளிப் போட்டால் மேலுதடும் கீழுதடும் ஒன்றையொன்று விடமாட்டேன் என்னும். எங்கள் ஊரில் மூன்று வயதுப் பிள்ளைக்கும் இது தெரியும். யாழ்ப்பாணத்து அறிவாளிகளுக்குத் தெரியவில்லை.

சத்தியமாகச் சூழ்ச்சி ஒன்றும் செய்யவில்லை. இராச்சாப்பாடு போதாமல் முழித்துக்கொண்டிருந்தவர்களுக்கு உமலைத் திறந்து வைத்தேன், அவ்வளவுதான். தலையணையை மரத்தில் ஏற்றியவன்தான் முதல் ஆளாக இரண்டு கையாலும் அள்ளினான். ஏழு மணிக்கு மணி அடித்தது. மண்டபத்தில் அப்படியொரு அமைதியை அந்தக் கட்டடம் கண்டிருக்காது. ஒருவன் பக்கத்திலிருந்தவனிடம் ஏதோ கேட்க முயன்று "ம்ம்" என்றான். மற்றவன் "ம்ம்ம்" என்றான். கதை முடிந்தது.

சுவாமியார் வாசலில் நின்று பார்த்தார். உள்ளே வந்து பார்த்தார். என் தோளில் தட்டி, "எப்படியடா?" என்றார். பதிலாக உமலில் மிச்சமிருந்ததை நீட்டினேன். அவருக்கும் பசி போல. அன்று இரவு செபமாலையை அவர்தான் முன்னின்று சொன்னார். ஐம்பத்துமூன்று 'அருள் நிறைந்த மரியே'யும் மூக்கால் வந்தன. மறுமொழி சொன்னவர்களும் மூக்காலேயே சொன்னார்கள். தேவமாதா தாய் என்பதால் விளங்கிக்கொண்டிருப்பார். மறுநாள் தலையணை கட்டிலில் இருந்தது. "தான்தோன்றி, கொப்பர் திரும்ப எப்ப வருவார்?" என்று கேட்டுக்கொண்டு ஐந்தாறு பேர் என்னோடு சாப்பிட உட்கார்ந்தார்கள்.

செல்வாக்கு வந்தால் வேலையும் வரும். லொத்தர் விற்கிற பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1960இல் அரசாங்கம் உதவிபெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது, சில பெரிய கத்தோலிக்கக் கல்லூரிகள் தனியாகவே நிற்போம் என்றன. நில், ஆனால் பிள்ளைகளிடம் கட்டணம் வாங்காதே என்றது சட்டம். அரசாங்கக் காசும் இல்லை, கட்டணமும் இல்லை. மிஞ்சியது களியாட்ட விழாவும் லொத்தரும். யாழ்ப்பாணத்துக்கு இது புதிதும் அல்ல. சம்பத்திரிசியார் கல்லூரி அதிபராயிருந்த லோங் அடிகளார் முன்னின்று உழைத்த பொது நூலகத்துக்கும் களியாட்ட விழா வைத்துக் காசு சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பெரிய மரபின் ஒட்டுசுட்டான் கிளைக்கு நான் முகவர். ஒரு ரிக்கற் ஒரு ரூபா. முதற்பரிசு சைக்கிள்.

விடுமுறையில் ஐம்பது ரிக்கற்றோடு ஊருக்குப் போனேன். சைக்கிள் எல்லாருக்கும் வேண்டும், காசு ஒருவரிடமும் இல்லை. இருந்தது நெல். அந்த நாளில் நெல்லை அரசாங்கத்தின் நெல் சந்தைப்படுத்தும் சபைக்குத்தான் விற்க வேண்டும். கண்டபடி கைமாற்ற முடியாது. நானோ ஒரு ரிக்கற்றுக்கு ஒரு கொத்து நெல் என்று வாங்கினேன். கத்தோலிக்கக் கல்லூரியின் கூரைக்காகச் சைவப் பிள்ளை கள்ளநெல் சேர்த்தான். அம்மா திட்டிக்கொண்டே அதை அவித்துப் போட்டு, தன் பெட்டியிலிருந்து ஐம்பது ரூபா எண்ணித் தந்தா.

குலுக்கல் முடிவு கல்லூரி அறிவித்தல் பலகையில் வந்தது. எங்கள் ஊருக்கு ஒரு சவர்க்காரக் கட்டிகூட விழவில்லை. அதை ஊரில் போய்ச் சொல்ல எனக்கு முகமில்லை. கேட்டவர்களுக்கு, "இன்னும் குலுக்கேல்லை" என்றேன். தலைமைப் பதவியில் நான் சுயமாக எடுத்த ஒரே முடிவு அதுதான்.

பிறகு காலம் எங்களையெல்லாம் குலுக்கியது. 2011இல், போர் முடிந்து செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து சனம் திரும்பி வந்து தகரக் கொட்டில்களில் இருந்தபோது ஊருக்குப் போனேன். முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு அண்ணை கூப்பிட்டு இருத்தினார். எழுபதை நெருங்கியிருந்தார். இடம்பெயர்ந்த இடமெல்லாம் தூக்கித் திரிந்த ஒரு பொலித்தீன் பையைத் திறந்தார். காணி உறுதி, பிறப்புப் பத்திரங்கள், குடும்ப அட்டை. அவற்றின் நடுவில் நாலாய் மடித்த ஒரு ரிக்கற். இலக்கம் மங்கியிருந்தது, கல்லூரிச் சின்னம் தெரிந்தது.

"தம்பி, இனியாவது குலுக்குவினமோ?"

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அன்று நான் பாலைப்பழம் ஒன்றும் தின்னவில்லை.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "சரி, சைக்கிள் கிடக்கட்டும். அந்த ஒரு கொத்து நெல்லை வட்டியோட தரச்சொல்லு. விதைப்புக்கு வேணும்."