பழைய சைக்கிளின் ஒலியியல்: ஓர் ஆய்வு முன்னுரை

குறைந்த விலையில் பழைய சைக்கிள் வாங்கப் போகிறவர் கண்ணை மூடிக்கொண்டு காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும் என்பது இவ்வாய்வின் துணிபு. புது பெயின்டும் சீட் உறையும் விற்பவரின் கைவண்ணம். ஓசையோ வண்டி தானே தரும் வாக்குமூலம். ‘பெல்லைத் தவிர எல்லாம் சத்தம் போடும்’ என்று ஊரில் வழங்கும் கேலியில் ஒரு முழுச் சாத்திரமே அடங்கியிருக்கிறது. ஓட்டும்போதே மிதிப்பதை நிறுத்திப் பாருங்கள். சத்தமும் நின்றால் குற்றம் பெடல், கிராங்க், செயின் பக்கம். தொடர்ந்தால் சக்கரம் அல்லது மட்கார்டு. மிதியின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ‘டொக்’ கேட்டால் பெரும்பாலும் காட்டர் பின் தளர்ந்திருக்கும். ‘சரக் சரக்’ என்பது செயின் கவர் உரசல், கையாலேயே வளைத்துவிடலாம். அச்சுக்குள் ‘கரகர’ என்றால் பால்ரஸும் கோனும் தேய்ந்தன. விலையைக் குறைக்கச் சொல்லும் உரிமை அங்கே பிறக்கிறது. மிதிக்காதபோது வரும் ‘டிக் டிக்’ ஃப்ரீவீலின் ஆரோக்கிய நாடித்துடிப்பு, அதை நோயெனக் கொள்வார் புதியவர்.

‘கியர் வண்டி சத்தமின்றி ஓடுமே’ என்பாரும் உளர். சமவெளி ஊரில் மாலைக் காற்று வாங்கவும் மளிகை வாங்கவும் போகிறவருக்கு கியர் ஓர் ஆபரணம். பின் கியரைத் தாங்கும் சிறு தகடு வளைந்துவிட்டால் மாற்றுத் தகடு தேடி அலைய வேண்டும், மாடலுக்கு மாடல் அதன் வடிவம் வேறு. 28 அங்குலக் கறுப்பு வண்டியோ அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள் நிறுவனம் தயாரித்ததானாலும் லூதியானாவிலிருந்து வந்ததானாலும், அதற்கான டயரும் பெடலும் தெருமுனைக் கடையில் கிடைக்கும். ஆகவே அதன் முனகல்கள் பலவும் மலிவான முனகல்களே. சத்தமே போடாத பழைய வண்டிதான் ஐயத்துக்குரியது.

‘கிரீஸைப் பூசி எந்த வண்டியையும் ஊமையாக்கலாமே’ என்பது அடுத்த தடை. ஆக்கலாம், ஒரு வேகத்தடை வரை. ஏறி இறங்கியதும் ஊமை பேசும். இதைவிட வலுவான தடை ஒன்று உண்டு: மிகக் கொடிய குறைகள் ஓசை எழுப்பாமலும் இருக்கும். செயின் வாய் திறவாமல் தேயும். 24 கண்ணிகள் 12 அங்குலம் இருக்க வேண்டும், கால் அங்குலத்தில் பாதி கூடினாலும் மாற்றியாக வேண்டியதுதான். ஹேண்டில் பாருக்குக் கீழே ஃபிரேம் குழாய்கள் கூடும் இடத்தில் விரிசல் விட்டு, அங்கே மட்டும் புது பெயின்ட் அடித்திருந்தால் காது தோற்றுவிடும். இவ்விரண்டையும் முன்னிட்டு ஒரு கண்ணை மட்டும் திறந்துகொள்ள இவ்வாய்வு அனுமதிக்கிறது.

கேரியரில் ஆள் ஏறியதும் எழும் ஓசைகள் இங்கே சேர்க்கப்படவில்லை. அவற்றில் பாதி, ஓட்டுபவருடையவை.